வீட்டுக் கணனியும் வாங்குவோரும்
பிரித்தானிய அனுபவம், 1980 – 1986

தொழில்நுட்பத்தின் வரலாறு பெரும்பாலும் அதனைக் கண்டுபிடித்தோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எந்த ஆய்வுகூடத்தில், எந்த அறிஞனால், எந்த ஆண்டில் ஒரு கருவி ஆக்கப்பட்டது என்பதே வினாவாக நின்றுவிடுகிறது. ஆயின், கருவியொன்று ஆய்வுகூடத்தை விட்டு வீட்டினுள் நுழையுங் காலத்தில் அதன் வரலாற்றை ஆக்குவதில் வேறொரு சாராருக்கும் பங்குண்டு. கடையில் நின்று, கையிலுள்ள பணத்தை எண்ணி, இதுவோ அதுவோ என மயங்கி, ஈற்றில் ஒன்றைத் தெரிந்தெடுத்த சாதாரண குடும்பத்தினரே அச்சாரார். 1980 தொடக்கம் 1986 வரையிலான குறுகிய காலத்திற் பிரித்தானியாவில் வீட்டுக் கணனி அடைந்த எழுச்சியும் வீழ்ச்சியும் இவ்வுண்மையைத் தெளிவாகக் காட்டுவன.

1970களின் நடுப்பகுதிவரை கணனி என்பது அரசாங்கத் திணைக்களங்களுக்கும் பெருங் கம்பனிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்குமே உரிய பொருளாக இருந்தது. ஒரே சில்லில் அமைந்த நுண்செயலியின் தோற்றம் இந்நிலையை மாற்றிற்று. 1977இல் அமெரிக்காவில் அப்பிள் 2, கொமடோர் பெட், டி.ஆர்.எஸ். 80 ஆகிய மூன்று கணனிகள் விற்பனைக்கு வந்தன. இவற்றை வாங்கியோர் தாமாக எதனையும் பற்றவைத்துப் பொருத்த வேண்டியிருக்கவில்லை. எனினும் அப்பிள் 2 இன் விலை 1,298 டொலராக இருந்தது. சாதாரண தொழிலாளியின் குடும்பம் அதனை எண்ணிப் பார்த்தல் அரிது.

பிரித்தானியாவில் அக்காலத்துப் பொருளாதாரச் சூழலும் நோக்கற்பாலது. நுண்செயலியின் வருகையால் தொழில்கள் பல அழிந்துபோகுமோ என்ற ஐயத்தை 1978இல் பி.பி.சி. தொலைக்காட்சி ஒளிபரப்பிய விவரண நிகழ்ச்சியொன்று பொதுமக்களிடையே எழுப்பிற்று. 1982 சனவரியில் நாட்டின் வேலையற்றோர் தொகை 30 இலட்சத்தைத் தாண்டியது. தந்தையின் தொழிலை மகன் பெறுவான் என்ற நம்பிக்கை தளர்ந்துபோன அந்நாளில், தம் பிள்ளைகளின் எதிர்காலம் கணனியோடு பிணைந்துள்ளது என்ற எண்ணம் பெற்றோரிடையே வேரூன்றியமை வியப்பன்று. ஆகவே வீட்டுக் கணனியை வாங்கியோர் ஒரு மின்னியற் கருவியை மட்டும் வாங்கினர் எனக் கொள்ளுதல் பொருந்தாது. அச்சத்திற்கு ஒரு மாற்று மருந்தையும் அவர்கள் வாங்கினர்.

இத்தேவையை முதலில் விலையின் வழியே அணுகியவர் கிளைவ் சின்கிளெயர். 1980இல் அவரது நிறுவனம் வெளியிட்ட இசட். எக்ஸ். 80 கணனி, பொருத்தப்பட்ட நிலையில் 99.95 பவுணுக்கும், வாங்குவோரே பொருத்திக்கொள்ளும் பாகத்தொகுதியாக 79.95 பவுணுக்கும் விற்கப்பட்டது. அடுத்த ஆண்டு மார்ச் மாதம் வந்த இசட். எக்ஸ். 81 இன் விலை 69.95 பவுணாகக் குறைந்தது. முந்திய கணனியில் 21 ஆக இருந்த சில்லுகளை நான்காகச் சுருக்கியமையே இவ்விலைக் குறைப்பின் இரகசியம். இக்கணனி அஞ்சல் வழியாக மட்டுமன்றி, பத்திரிகைகளும் எழுதுபொருள்களும் விற்கும் டபிள்யூ. எச். ஸ்மித் கடைகளிலும் கிடைத்தது. மாலைப் பத்திரிகை வாங்கச் சென்றவர் கணனியோடு வீடு திரும்பக் கூடிய நிலை இவ்வாறு ஏற்பட்டது.

மலிவுக்கு ஒரு விலை இருந்தது. இசட். எக்ஸ். 81 இன் நினைவகம் ஒரு கிலோபைட் மட்டுமே. நிறம் இல்லை, ஒலி இல்லை, விசைப்பலகை தட்டையான ஒரு தகடு. நினைவகத்தைப் பெருக்க 16 கிலோபைட் கொண்ட தனிப்பெட்டியை வாங்கிப் பின்புறத்திற் செருக வேண்டும். அது சிறிது அசைந்தாலும் கணனி செயலிழந்து, மணிக்கணக்காகத் தட்டெழுதிய செய்நிரல் முழுவதும் அழிந்துபோகும். வீட்டிலுள்ள தொலைக்காட்சியே இதற்குத் திரை. ஒலிப்பதிவு நாடாக் கருவியே இதற்குச் சேமிப்பகம். விளம்பரத்திற் காணப்பட்ட விலை வேறு, வீட்டில் முடிவாகச் செலவான தொகை வேறு என்பதைக் குடும்பங்கள் விரைவில் உணர்ந்தன. இருந்தும் 15 இலட்சத்துக்கும் மேற்பட்ட இசட். எக்ஸ். 81 கணனிகள் விற்பனையாயின.

இதே காலத்திற் கல்வியின் வழியே மற்றொரு முயற்சி தோன்றிற்று. பொதுமக்களுக்குக் கணனி அறிவைப் புகட்டும் திட்டமொன்றை மேற்கொண்ட பி.பி.சி. நிறுவனம், அதற்கென ஒரு கணனியைத் தன் பெயரிலேயே வெளியிட எண்ணியது. இவ்வொப்பந்தத்தைப் பெறச் சின்கிளெயரும் முயன்றார். எனினும், கேம்பிறிட்ஜ் நகரிலிருந்த ஏகோர்ன் நிறுவனத்துக்கே அது கிட்டிற்று. சோபி வில்சன், ஸ்டீவ் ஃபேர்பர் ஆகியோர் அமைத்த பி.பி.சி. மைக்ரோ 1981 திசம்பரில் வெளிவந்தது; அதனைத் துணையாகக் கொண்ட தொலைக்காட்சித் தொடர் 1982 சனவரியில் ஆரம்பமாயிற்று. 32 கிலோபைட் நினைவகம் கொண்ட ‘பி’ மாதிரியின் விலை முதலில் 335 பவுணாக இருந்து, சில மாதங்களில் 399 பவுணாக உயர்ந்தது. இடைநிலைப் பாடசாலைகள் இதனை வாங்குமிடத்து அரசாங்கம் செலவிற் பாதியை ஏற்றது. ஏறத்தாழ 12,000 கணனிகளே விற்பனையாகும் என எதிர்பார்க்கப்பட்ட இடத்தில் 15 இலட்சத்தைக் கடந்து விற்பனை வளர்ந்தது.

1982 ஏப்ரல் 23ஆந் திகதி சின்கிளெயர் தமது அடுத்த கணனியான ஸ்பெக்ட்ரத்தை அறிமுகப்படுத்தினார். 16 கிலோபைட் நினைவகம் கொண்டது 125 பவுண். 48 கிலோபைட் கொண்டது 175 பவுண். இப்போது குடும்பங்களின் முன் தெளிவான ஒரு தெரிவு நின்றது. பாடசாலையிற் பிள்ளை பயன்படுத்தும் கணனியே வீட்டிலும் வேண்டுமெனின் 399 பவுண் தேவை. அதன் பாதிக்கும் குறைந்த தொகையில், நிறமும் கூடிய நினைவகமும் கொண்ட, றப்பர் விசைகளையுடைய சிறு கணனியொன்றும் இருந்தது. திண்மையான விசைப்பலகை, ஒழுங்கான பேசிக் மொழி, பிற கருவிகளை இணைக்கும் வசதி ஆகியன முன்னதன் சிறப்புகள். விலையும், நாளடைவிற் பெருகிய விளையாட்டுகளும் பின்னதன் சிறப்புகள். மூன்றாவதாக அமெரிக்காவிலிருந்து கொமடோர் 64 வந்து சேர்ந்தது. அதன் 64 கிலோபைட் நினைவகமும், இசைக்கெனத் தனியே அமைந்த சில்லும், ஜோய்ஸ்டிக் பொருத்தும் இரு வாயில்களும் விளையாட்டு விரும்பிகளை ஈர்த்தன. இம்மூன்றுள் ஒன்றைத் தெரிதல் வருமானத்தைப் பொறுத்ததாயிற்று. வசதி படைத்த மத்தியதர வர்க்கத்தினர் பி.பி.சி. மைக்ரோவையும், ஏனையோர் ஸ்பெக்ட்ரத்தையும் நாடியமை அந்நாளைய பொதுப்போக்கு எனலாம்.

வாங்கிய பின் நிகழ்ந்தது என்ன? பாடக் கணக்குகளுக்கும் வீட்டுச் செலவுக் கணக்குகளுக்கும் உதவும் என்று சொல்லிப் பிள்ளைகள் பெற்றோரை இணங்கச் செய்தனர். வீடு வந்த கணனியில் விளையாடினர். 1983இல் மத்தியூ ஸ்மித் என்ற இளைஞர் ஸ்பெக்ட்ரத்துக்கென எழுதிய ‘மனிக் மைனர்’ நாடெங்கும் பரவிற்று. 1984இல் கேம்பிறிட்ஜ் மாணவர்களான டேவிட் பிரேபனும் இயன் பெல்லும் பி.பி.சி. மைக்ரோவுக்கென ‘எலைட்’ என்ற விளையாட்டை ஆக்கினர். பெற்றோர் ஏமாற்றப்பட்டனர் என்று முடிவு கூறுதல் எளிது. ஆயின் அம்முடிவு முழுமையானதன்று. இக்கணனிகளை இயக்கியதும் திரையில் முதலில் தோன்றியது பேசிக் மொழியின் கட்டளைக்காகக் காத்திருக்கும் குறியே. நாடாவிலுள்ள விளையாட்டை ஏற்றுவதற்கும் ஒரு கட்டளையைத் தட்டெழுத வேண்டியிருந்தது. சஞ்சிகைகள் முழுச் செய்நிரல்களையும் அச்சிட்டு வெளியிட்டன. அவற்றைப் பார்த்துத் தட்டெழுதிய சிறுவர்கள் பிழை திருத்துவதையும் கற்றனர். எண்களை அட்டவணையிற் சேமியாது சூத்திரத்தாற் பிறப்பித்து, எட்டு அண்டங்களையும் ஒவ்வொன்றிலும் 256 கோள்களையும் அச்சிறு நினைவகத்துள் ‘எலைட்’ அடக்கிற்று. வசதிக் குறைவே திறமைக்கு உரைகல்லாயிற்று. விளையாட்டும் கல்வியும் ஒரே கருவியில் ஒன்றையொன்று தழுவி நின்றமையே இக்காலத்தின் தனித்தன்மையாகும்.

இத்தனித்தன்மை நிலைக்கவில்லை. அமெரிக்காவில் ஜாக் டிரமீல் தலைமையிலான கொமடோர் நிறுவனம் தொடக்கிய விலைப்போர் இதற்கு எச்சரிக்கையாக அமைந்தது. 1976இலேயே சில்லு உற்பத்தி நிறுவனமொன்றை விலைக்கு வாங்கியிருந்த கொமடோர், பிறரால் இயலாத அளவுக்கு விலையைக் குறைக்க வல்லதாயிருந்தது. 1982இல் 595 டொலருக்கு விற்பனைக்கு வந்த கொமடோர் 64, மறு ஆண்டில் ஏறத்தாழ 200 டொலருக்கு இறங்கிற்று. அதனோடு போட்டியிட்ட டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் கணனி 1981இல் 525 டொலராக இருந்து, 100 டொலருக்கும் கீழே சென்றது. 1983 ஒக்டோபரில் அந்நிறுவனம் வீட்டுக் கணனித் துறையை விட்டே விலகிற்று. மலிவாகக் கிடைத்ததென மகிழ்ந்து அதனை வாங்கிய குடும்பங்கள், புதிய செய்நிரல்களை எதிர்பார்க்க முடியாத கணனியொன்றுக்கு உரியோராயின. கருவியின் விலையை மட்டும் பார்த்து, அதனைச் செய்த நிறுவனத்தின் நிலையைப் பாராது வாங்குவதன் இடர் இங்கே வெளிப்படுகிறது.

பிரித்தானியாவிலும் இத்தகைய நெருக்கடி தொடர்ந்தது. பி.பி.சி. மைக்ரோவின் மலிவான வடிவமாக 199 பவுண் விலையில் 1983இல் வந்த ஏகோர்ன் எலெக்ட்ரன், அவ்வாண்டு நத்தார்க் காலத்திற் கேள்விக்கேற்ற அளவு கிடைக்கவில்லை. போதிய அளவு உற்பத்தியான 1984இல் வாங்குவோர் குறைந்திருந்தனர். கணனி வேண்டியோரிற் பலர் ஏற்கெனவே ஒன்றை வாங்கிவிட்டனர். வாங்கியோர் புதிதாக இன்னொன்றை விரும்பவில்லை. 1985 பெப்ரவரியில் இத்தாலியின் ஒலிவெற்றி நிறுவனம் ஏகோர்னின் பங்குகளை வாங்கி அதனைக் காத்தது. 1986 ஏப்ரலிற் சின்கிளெயர் தமது கணனிகளின் உரிமையை 50 இலட்சம் பவுணுக்கு அம்ஸ்ட்ராட் நிறுவனத்துக்கு விற்றார். திரையையும் நாடாக் கருவியையும் கணனியோடு சேர்த்து ஒரே பொருளாக விற்றமை அம்ஸ்ட்ராட்டின் உத்தியாக இருந்தது. குடும்பத் தொலைக்காட்சிக்காக எழுந்த சச்சரவுகளை அலன் சுகர் நன்கு அறிந்திருந்தார் போலும்.

அதன் பின் தெரிவு இரண்டாகப் பிளந்தது. ஒருபுறம், 1983இல் யப்பானில் 14,800 யென் விலையில் நின்டெண்டோ வெளியிட்ட கருவியும் அதன் வழிவந்தனவும்; இவை விளையாட மட்டுமே உகந்தன, வாங்கியவர் தாமாக எதனையும் எழுதிச் சேர்க்க இடமளியாதன. மறுபுறம், 1981இல் ஐ.பி.எம். வகுத்த மாதிரியைப் பின்பற்றிய அலுவலகக் கணனிகள். விளையாட வந்த சிறுவன் தற்செயலாகச் செய்நிரல் கற்கும் வாய்ப்பு இப்பிளவினாற் குன்றிற்று.

இவ்வரலாற்றின் பயன் எல்லோருக்கும் சமமாகக் கிட்டவில்லை என்பதும் கருதற்பாலது. வீட்டுக் கணனி விளம்பரங்கள் பெரும்பாலும் சிறுவர்களையும் அவர்தம் தந்தையரையும் நோக்கியே அமைந்தன. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஜேன் மார்கோலிஸ், அலன் பிஷர் ஆகியோர் நிகழ்த்தி 2002இல் நூலாக வெளியிட்ட ஆய்வு, வீட்டுக்கு வந்த கணனி பல குடும்பங்களில் மகனுடைய அறையிலேயே வைக்கப்பட்டமையைச் சுட்டிற்று. அந்நாட்டிற் கணனி விஞ்ஞானப் பட்டம் பெற்றோருட் பெண்களின் வீதம் 1980களின் நடுப்பகுதியில் ஏறத்தாழ 37ஆக இருந்து, 2010 அளவில் 20க்கும் கீழே வீழ்ந்தது. இவ்வீழ்ச்சிக்கு வேறு காரணங்களும் உள. ஆயினும், பல்கலைக்கழகத்தின் வாயிலுக்கு வருமுன்னரே ஒரு பகுதியினர் பல ஆண்டுப் பயிற்சி பெற்றிருந்தனர் என்பதும், அப்பயிற்சி எவருக்கு என்பதை வீட்டின் முடிவே தீர்மானித்தது என்பதும் புறக்கணிக்கத் தக்கனவல்ல. பி.பி.சி. மைக்ரோவை அமைத்தோருள் ஒருவரான சோபி வில்சன் ஒரு பெண் என்பதை இவ்விடத்து நினைவுகூர்தல் தகும்.

வீழ்ச்சியின் நடுவிலும் விதையொன்று எஞ்சிற்று. ஏகோர்ன் நிறுவனம் தனது அடுத்த கணனிகளுக்கென அமைத்த புதிய நுண்செயலி 1985 ஏப்ரலில் முதன்முறையாக இயங்கிற்று. அதனை அமைத்தவர்களும் வில்சனும் ஃபேர்பருமே. 1990இல் தனி நிறுவனமாகிய ‘ஆம்’ அதனை வளர்த்தது. இன்று நம் நாட்டு மாணவர் கைகளிலுள்ள கைபேசிகளில் மிகப் பெரும்பாலானவை அவ்வமைப்பின் வழிவந்த செயலிகளாலேயே இயங்குகின்றன. கணனி விஞ்ஞானம் பயில விண்ணப்பிப்போரின் தொகையும் முன்பயிற்சியும் குறைந்துவருவதைக் கேம்பிறிட்ஜிற் கண்ட எபன் அப்டன் முதலியோர், 2012இல் 35 டொலர் விலையில் ‘றாஸ்பெரி பை’ என்ற சிறு கணனியை வெளியிட்டனர். அதன் மாதிரிகளுக்கு ‘ஏ’, ‘பி’ என அவர்கள் பெயரிட்டமை பி.பி.சி. மைக்ரோவை நினைந்தேயாகும்.

தொகுத்து நோக்குமிடத்து, 1980களின் பிரித்தானியக் குடும்பங்கள் வேகத்தையும் நினைவகத்தையும் விலையையும் ஒப்பிட்டே கணனியைத் தெரிந்தன. அக்கணனிகளின் வேகமும் நினைவகமும் இன்று நகைப்புக்குரியன. நிலைத்த பயனைத் தந்தவை வேறு இரண்டு: வாங்கியவர் உள்ளே புகுந்து தாமாக ஒன்றை ஆக்குவதற்குக் கருவி இடமளித்தமை, வீட்டில் அதனை அணுகும் உரிமை ஒருவருக்குக் கிடைத்தமை. முதலாவதைச் செய்தோர் தீர்மானித்தனர். இரண்டாவதைப் பெற்றோர் தீர்மானித்தனர். இன்றும் ஒரு குடும்பம் தன் வருமானத்தில் மிச்சம்பிடித்துப் பிள்ளைகளுக்கென ஒரு கணனியை வாங்குமிடத்து, கடைக்காரர் விடை கூற முடியாத வினாக்கள் இவ்விரண்டுமே. இதனால் எதனை ஆக்கலாம் என்பது ஒன்று. வீட்டிலுள்ள பெண்பிள்ளையும் இதன் முன் அமர்வாளா என்பது மற்றையது.