ஆண்களுக்கு சிறுநீர்க் கசிவு: யாருக்கு எந்த மாத்திரை? தானாக வாங்கிப் போட்டால் என்ன ஆபத்து?

பாத்ரூம் போவதற்குள் கசிந்துவிடுகிறது, ராத்திரி நாலு தடவை எழுந்திருக்க வேண்டியிருக்கிறது... 50 வயதைத் தாண்டிய ஆண்கள் பலருக்கும் உள்ள பிரச்சனை இது. வெளியே சொல்லக் கூச்சப்பட்டு, தெரிந்தவர் போடும் மாத்திரையையே மெடிக்கலில் வாங்கிப் போடுகிறவர்களும் உண்டு. கசிவு ஒன்றுதான், காரணம் வேறு வேறு. ஒருவருக்குக் கேட்கும் மாத்திரை இன்னொருவருக்கு சிறுநீரையே அடைத்துவிடலாம்.

புராஸ்டேட் பெருத்திருந்தால்?

சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர் வெளியேறும் குழாயைச் சுற்றி இருக்கும் சுரப்பி இது. வயதாக ஆக பெருத்து குழாயை நெருக்கும். பை முழுசாகக் காலியாகாமல் சொட்டுச் சொட்டாகக் கசியலாம்.

* டாம்சுலோசின், சைலோடோசின்: தசையைத் தளர்த்தி வழிவிடும். சில நாட்களிலேயே பலன் தெரியும். சட்டென எழுந்தால் தலைசுற்றலாம். கண்புரை ஆபரேஷனுக்கு முன் கண் டாக்டரிடம் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

* ஃபினாஸ்டிரைடு, டுடாஸ்டிரைடு: சுரப்பியையே சுருக்கும். பலன் தெரிய 6 மாதம்கூட ஆகலாம். பாலியல் ஆர்வம் குறையலாம். பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை அளவைச் சுமார் பாதியாகக் குறைத்துவிடும் என்பதால், டெஸ்ட் எடுக்கும்போது டாக்டரிடம் சொல்லுங்கள்.

திடீரென அவசரமாக வந்தால்?

நிரம்பும் முன்பே பை சுருங்குவதுதான் இதற்குக் காரணம்.

* சாலிஃபெனசின், டால்டெரோடின், ஆக்ஸிபியூட்டினின்: பையை அமைதிப்படுத்தும். வாய் உலரும், மலச்சிக்கல் வரும். முதியவர்களுக்கு மறதி, குழப்பம் ஏற்படலாம்.

* மிராபெக்ரான்: வாய் உலர்வது குறைவு. ஆனால் ரத்த அழுத்தம் கூடலாம்.

கவனிக்க வேண்டியது இங்கேதான். புராஸ்டேட் அடைப்பு இருப்பது தெரியாமல் இவற்றைப் போட்டால், சிறுநீர் அடியோடு நின்றுபோகலாம். அதனால்தான் சிறுநீர் கழித்த பிறகு பையில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை டாக்டர்கள் ஸ்கேனில் பார்க்கிறார்கள்.

இருமினால், தும்மினால் கசிகிறதா?

புராஸ்டேட் ஆபரேஷனுக்குப் பிறகு இப்படி வருவது உண்டு. இதற்கு மாத்திரை பெரிதாக உதவாது. சிறுநீரை அடக்குவதுபோல் இடுப்புத் தசைகளை இறுக்கித் தளர்த்தும் கீகல் பயிற்சிதான் முதல் சிகிச்சை.

சளி மாத்திரையும் காரணமாகலாம்!

குளோர்பெனிரமைன், ஃபினைலெஃப்ரின் கலந்த சளி மாத்திரைகள் அடைப்பை அதிகமாக்கலாம். பிரஷருக்குத் தரப்படும் நீர் மாத்திரை அவசரத்தைக் கூட்டலாம். அதற்காக அதை நீங்களாக நிறுத்தாதீர்கள். டாக்டரைப் பார்க்கும்போது, போடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் கையோடு கொண்டு போங்கள்.

எப்போது உடனே போக வேண்டும்?

அடிவயிறு வலித்தும் சிறுநீர் வராமல் நின்றுபோனால், ரத்தம் கலந்து வந்தால், காய்ச்சலுடன் எரிச்சல் இருந்தால், திடீரென கால் மரத்துப்போனால் ஒரு நாள்கூட தள்ளிப்போடாமல் ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள்.