உறைநில வாயு ஹைட்ரேட்டுகள்: நிலவியல் தோற்றம்

நீர் மூலக்கூறுகள் அமைத்த கூண்டுகளுக்குள் மீத்தேன் முதலிய வாயுக்கள் சிறைப்பட்டு உருவாகும், பனிக்கட்டி போன்ற திண்மம் வாயு ஹைட்ரேட்டு எனப்படும். ஆழ்கடல் படிவுகளிலும், ஆண்டு முழுதும் உறைந்தே கிடக்கும் நிலப்பகுதிகளிலும் இது காணப்படுகிறது. இவற்றுள் உறைநிலத்தில் உள்ளது மேற்குச் சைபீரியா, அலாஸ்காவின் வடசரிவு, கனடாவின் மெக்கென்சி கழிமுகம், சீனாவின் சீலியன் மலைத்தொடர் ஆகிய இடங்களில் அறியப்பட்டுள்ளது. ஒரு கன மீட்டர் மீத்தேன் ஹைட்ரேட்டு சிதைந்தால் சுமார் 164 கன மீட்டர் வாயு வெளிப்படும்.

ஆய்வு வரலாறு

ஹைட்ரேட்டு முதலில் ஆய்வகத்தில்தான் அறியப்பட்டது. 1810இல் ஹம்ஃப்ரி டேவி குளோரின் ஹைட்ரேட்டைக் கண்டார். 1823இல் மைக்கேல் ஃபாரடே அதன் இயைபை ஆராய்ந்து, ஒரு பங்கு குளோரினுக்குப் பத்துப் பங்கு நீர் என மதிப்பிட்டார். 1888இல் பிரெஞ்சு வேதியியலாளர் வில்லார் மீத்தேன் ஹைட்ரேட்டை உருவாக்கினார். அடுத்த அரை நூற்றாண்டுக்கு இது ஆய்வகப் பொருளாகவே இருந்தது. எரிவாயுக் குழாய்களை அடைப்பது பனிக்கட்டியன்று, ஹைட்ரேட்டே என்று 1934இல் ஹேமர்ஷ்மிட் காட்டிய பிறகே தொழில்துறை இதன்பால் கவனம் செலுத்தியது.

இயற்கையிலும் ஹைட்ரேட்டு இருக்க முடியும் என்பதை நிறுவிய பெருமை சோவியத் அறிஞர்களுக்கு உரியது. 1960களில் யூரி மகோகன், பாறையின் நுண்துளைகளில் ஹைட்ரேட்டு உருவாவதைச் சோதனைகளால் மெய்ப்பித்தார். மேற்குச் சைபீரியாவில் 1967இல் கண்டறியப்பட்ட மெசோயாகா வாயுவயலில், வாயுவை எடுத்தபோது அழுத்தம் எதிர்பார்த்த அளவுக்குக் குறையவில்லை. மேலடுக்கில் இருந்த ஹைட்ரேட்டு சிதைந்து வாயுவை ஈடுசெய்ததாக மகோகன் விளக்கினார். இவ்விளக்கம் இன்னும் விவாதத்துக்குரியது. 1972இல் அலாஸ்காவின் வடமேற்கு ஐலீன் துளைக்கிணற்றில் ஹைட்ரேட்டு மாதிரி நேரடியாகவே கிடைத்தது.

அமைப்பும் வகையும்

இயற்கை ஹைட்ரேட்டுகளில் முதல் வகை, இரண்டாம் வகை, எச் வகை என மூன்று படிக அமைப்புகள் உள்ளன. முதல் வகையின் ஓர் அலகில் 46 நீர் மூலக்கூறுகள் சேர்ந்து இரண்டு சிறிய கூண்டுகளையும் ஆறு பெரிய கூண்டுகளையும் அமைக்கின்றன. சிறிய கூண்டு பன்னிரண்டு ஐங்கோண முகங்கள் கொண்டது. பெரியதில் அவற்றோடு இரண்டு அறுகோண முகங்களும் உண்டு. தூய மீத்தேன் இந்த வகையையே விரும்பும். ஈத்தேன், புரொப்பேன் கலந்த வாயு, 136 நீர் மூலக்கூறுகள் கொண்ட இரண்டாம் வகையாக, குறைந்த அழுத்தத்திலேயே உறைகிறது. சீலியன் மலையில் 2008இல் கிடைத்த ஹைட்ரேட்டு இவ்வகைக்குச் சான்று. அங்கே உறைநிலம் மெல்லியது. எனினும் குறைந்த அழுத்தமே போதும் என்பதால் 130 மீட்டரை ஒட்டிய ஆழத்திலேயே ஹைட்ரேட்டு உள்ளது.

தோற்றம்

ஹைட்ரேட்டு உருவாக வாயு, நீர், குளிர், அழுத்தம் நான்கும் ஒருங்கே அமைய வேண்டும். பூச்சியம் டிகிரி செல்சியசில் மீத்தேனுக்குச் சுமார் 26 வளிமண்டல அழுத்தம் தேவை. ஆகவே நிலமட்டத்தை ஒட்டி இது நிலைக்காது. பொதுவாக 200 மீட்டரை ஒட்டிய ஆழத்தில் ஹைட்ரேட்டு நிலைத்திருக்கக்கூடிய நிலைப்பு மண்டலம் தொடங்கி, உறைநிலத்தின் அடியையும் கடந்து கீழே நீளும்.

இம்மண்டலத்தில் வாயு முந்தியது, குளிர் பிந்தியது. ஆழத்திலுள்ள கரிமப் பாறைகள் வெப்பத்தால் முதிர்ந்து வெளியிட்ட வாயு, பாறைப் பிளவுகள் வழியே மேலேறி, மணற்கல் அடுக்குகளின் வளைவுகளில் தேங்கியது. அதனுடன் நுண்ணுயிர்கள் உண்டாக்கிய மீத்தேனும் சில இடங்களில் கலந்தது. பின்னர் பிளைஸ்டோசீன் காலக் குளிரில் நிலம் கீழ்நோக்கி உறைந்தது. நிலைப்பு மண்டலமும் உடன் இறங்கி, தேங்கிக் கிடந்த வாயுவை அதே இடத்தில் திண்மமாக்கியது. உருவாகும் படிகம் உப்பை வெளியே தள்ளுவதால், ஹைட்ரேட்டு உருகிக் கிடைக்கும் நீர் உவர்ப்புக் குறைந்ததாக இருக்கிறது.

மெக்கென்சி கழிமுகத்திலுள்ள மாலிக் இத்தோற்ற முறையைத் தெளிவாகக் காட்டுகிறது. அங்கு உறைநிலம் சுமார் 600 மீட்டர் தடிப்புடையது. ஹைட்ரேட்டு அடுக்குகளோ அதற்கும் கீழே, ஏறத்தாழ 890 முதல் 1,100 மீட்டர் ஆழம்வரை, பூச்சியத்துக்கு மேற்பட்ட வெப்பநிலையில் கிடக்கின்றன. பனிக்கட்டி உருகிவிடும் சூட்டிலும் அழுத்தம் இவற்றைக் காக்கிறது. 1998இல் எடுத்த மாதிரிகளில் மணல்மணிகளின் இடைவெளியை ஹைட்ரேட்டு நிரப்பியிருந்தது. கூழாங்கற்களின் மீது வெண்பூச்சாகவும் படிந்திருந்தது. மீத்தேனின் கார்பன் ஓரிடத்தான்கள் அது ஆழத்து வெப்பத்தில் பிறந்தது என்பதைக் காட்டின.

இன்றைய நிலை

மாலிக்கில் 2008இல் ஆறு நாட்கள் தொடர்ந்து வாயு எடுக்கப்பட்டது. அமெரிக்க நிலவியல் அளவாய்வு நிறுவனம் 2019இல் அலாஸ்கா வடசரிவில் தொழில்நுட்ப வழியில் எடுக்கத்தக்க ஹைட்ரேட்டு வாயுவைச் சுமார் 54 டிரில்லியன் கன அடி என மதிப்பிட்டது. வணிக அளவிலான உற்பத்தி எங்கும் தொடங்கவில்லை.