பாரஸ்ட் என்றால் காடு அல்ல

பச்சைமலையில் யாராவது “பாரஸ்ட் வருது” என்று சொன்னால், காக்கி உடையில் இரண்டு பேர் வருகிறார்கள் என்று அர்த்தம். “அது பாரஸ்ட்ல சேர்ந்துபோச்சு” என்றால் அந்த நிலத்தில் மரம் முளைத்துவிட்டது என்பதல்ல, எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது என்பது. “பாரஸ்ட்டுக்கு எழுதிப் போட்டிருக்கோம்” என்றால் மனு போன இடம் ஓர் அலுவலகம். அதே ஆள் “காட்டுக்குப் போயிட்டு வரேன்” என்று கிளம்பினால் போவது தன் மரவள்ளிக் கொல்லைக்கு. துறையூர், பெரம்பலூர், ஆத்தூர் பக்கமெல்லாம் காடு என்றால் பாதி நேரம் மானாவாரி நிலம்தான். சோளக்காடு, கடலைக்காடு, முந்திரிக்காடு. ஏர் ஓட்ட முடியாத சரிவை மண்வெட்டியால் கொத்தித் திருத்தினால் கொத்துக்காடு.

காடு உழைக்கிற இடம், பாரஸ்ட் ஓர் அதிகாரம். இங்கிலீஷ் சரியாகத் தெரியாததால் வந்த குழப்பம் இது என்று படித்தவர்கள் சிரிக்கக்கூடும். ஆனால் அந்தச் சொல்லின் 1300 வருட வரலாற்றைத் தேடிப் போனால், மலைக்காரர்கள்தான் அதன் மூலப்பொருளுக்கு நெருக்கமாக நிற்கிறார்கள் என்று தெரிகிறது.

காட்டுக்கு லத்தீனில் ஏற்கெனவே நல்ல சொல் ஒன்று இருந்தது: சில்வா. பென்சில்வேனியாவில் இருப்பது அந்தச் சில்வாதான். ‘ஃபோரெஸ்டிஸ்’ என்ற சொல்லோ சிசரோ, வெர்ஜில் காலத்து லத்தீனில் கிடையாது. ரோமப் பேரரசு சிதைந்த பிறகு, 7ஆம் நூற்றாண்டில், ஃபிராங்க் அரசர்களின் சாசனங்களில்தான் அது தலைகாட்டுகிறது. ஆர்டென் மலைக்காட்டை “எங்களுடைய ஃபோரெஸ்டிஸ்” என்று அரசர் குறிப்பிடுகிறார். மரம் எவ்வளவு அடர்த்தி என்பது அந்த ஆவணத்துக்கு முக்கியமில்லை. அந்த இடம் அரசருடையது, அவர் அனுமதி இல்லாமல் வேட்டையாடவோ வெட்டவோ உழவோ கூடாது என்பதுதான் முக்கியம். மீன் பிடிக்கும் ஆற்றுப் பகுதியையே ஃபோரெஸ்டிஸ் என்று எழுதிய சாசனங்களும் உண்டு. தண்ணீர்கூட ‘பாரஸ்ட்’ ஆகியிருக்கிறது!

இந்தச் சொல்லின் வேர் பற்றி மொழியியலாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. பலரும் ஏற்பது ‘ஃபோரிஸ்’ என்ற லத்தீன் சொல். வெளியே, கதவுக்கு அப்பால் என்று பொருள். இன்னொரு தரப்பு ‘ஃபோரும்’ என்ற சொல்லைக் காட்டுகிறது. அது சந்தையும் நீதிமன்றமும் கூடும் பொதுவெளி, ஆகவே ஃபோரெஸ்டிஸ் என்பது மன்றத்தின் ஆணையால் விலக்கப்பட்ட நிலம் என்பது அவர்கள் வாதம். இரண்டில் எதை எடுத்தாலும் மரம் இல்லை. முதல் விளக்கம் சரியென்றால் ‘ஃபாரின்’ என்ற சொல்லுக்கும் அதே வேர். திருச்சி ஏர்போர்ட்டில் வந்திறங்கும் பாரின் சென்ட்டும், சோபனபுரம் தாண்டிய மலைச்சரிவின் பாரஸ்ட்டும் ஒரு வழியில் பங்காளிகள்.

நான் பிழைக்கிற தொழிலில் இதை விளக்குவது சுலபம். ஒரு ஃபைல் என்ன வகை என்பது வேறு, அதைத் திறக்க யாருக்குப் பெர்மிஷன் என்பது வேறு. ஃபோரெஸ்டிஸ் பெர்மிஷனைச் சொல்லும் சொல்லாகப் பிறந்தது. ஃபைலின் வகையைச் சொல்லும் சொல்லாக அது மாறியது பிற்பாடு.

மாற்றம் எல்லா மொழிகளிலும் ஒரே மாதிரி நடக்கவில்லை. பழைய பிரெஞ்சில் ‘ஃபொரெஸ்ட்’ ஆகி, பின்பு ‘ஸ்’ ஒலி தேய்ந்து ‘ஃபொரே’ ஆனது. இப்போது அந்தச் சொல்லில் ஓர் எழுத்தின் தலையில் இருக்கும் சிறு தொப்பி, செத்துப்போன ‘ஸ்’ஸுக்கு வைத்த நடுகல். இத்தாலியில் ‘ஃபொரெஸ்தா’. ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் ‘ஃப்ளோர்’, அதாவது பூ என்ற சொல் உள்ளே நுழைந்து ‘ஃப்ளோரெஸ்தா’ ஆக்கிவிட்டது. சட்டச் சொல்லுக்குப் பூச்சூட்டிய மக்கள்! ஜெர்மனியர்கள் மட்டும் கணக்கைக் கறாராக வைத்துக்கொண்டார்கள். கதைகளில் வரும் காடு அவர்களுக்கு ‘வால்ட்’. எல்லை போட்டு, மரங்களை எண்ணி, முறைவைத்து வெட்டி நிர்வகிக்கும் காடு ‘ஃபோர்ஸ்ட்’. இந்த ஜெர்மன் வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அது பிறகு நம் மலைவரை வரப்போகிறது.

சொல் முழுப்பலத்தோடு ஆட்சி செய்தது இங்கிலாந்தில். 1066இல் நார்மண்டியிலிருந்து வந்த வில்லியம், கூடவே இந்தச் சொல்லையும் அதன் சட்டத்தையும் கொண்டுவந்தான். அங்கே ‘அஃபாரஸ்ட்’ என்ற வினைச்சொல்லுக்கு அன்றைய அர்த்தம் மரம் நடுவதல்ல, ஓர் இடத்தை ஃபாரஸ்ட் என்று அறிவிப்பது. அப்படி அறிவித்தால் அதற்குள் ஊர்கள் இருக்கும், வயல்கள் இருக்கும், மரமே இல்லாத மேட்டுநிலமும் இருக்கும். டார்ட்மூரும் எக்ஸ்மூரும் பெரும்பாலும் புல்லும் சதுப்புமான பூமி, ஆனாலும் ஃபாரஸ்ட். எசெக்ஸ் கவுண்டி ஏறக்குறைய முழுவதுமே ஒரு காலத்தில் ஃபாரஸ்ட் சட்டத்தின் கீழ் கிடந்தது. 12ஆம் நூற்றாண்டில் அரசுக் கருவூலத்தின் நடைமுறைகளை எழுதிவைத்த ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் இதை ஒளிக்கவே இல்லை: ஃபாரஸ்ட் சட்டம் நாட்டின் பொதுச்சட்டத்தைச் சார்ந்ததல்ல, அரசரின் விருப்பத்தைச் சார்ந்தது என்கிறார். வெளியே என்றால் இதுதான் வெளியே. பொதுச்சட்டத்துக்கே வெளியே.

மேக்னா கார்ட்டாவை எல்லோருக்கும் தெரியும். இரண்டே வருடம் கழித்து, 1217 நவம்பரில் வந்த காட்டுச் சாசனத்தை யாரும் பேசுவதில்லை. சாதாரணக் குடியானவனுக்கு அதுதான் பெரிய விஷயம் என்பது என் கட்சி. புதிதாகச் சேர்த்த ஃபாரஸ்ட்கள் பலவற்றை விடுவித்தது. மானைக் கொன்றதற்காக உயிரையோ உறுப்பையோ எடுக்கக்கூடாது என்றது. பன்றி மேய்க்கலாம், தன் மரக்காட்டில் கிடைக்கும் தேனைத் தானே எடுத்துக்கொள்ளலாம் என்றது. தேன் எடுக்க ஒரு சாசனம் தேவைப்பட்டது என்பதிலிருந்தே அதற்கு முன் நிலைமை என்ன என்று ஊகித்துக்கொள்ளலாம். அந்தச் சாசனத்தின் மிச்சம் மீதி 1971 வரை இங்கிலாந்துச் சட்டப் புத்தகத்தில் இருந்தது.

தமிழுக்கு வருவோம். வெளியே என்ற பொருளில் நிலத்துக்கு ஒரு சட்டச்சொல் நம்மிடமும் இருக்கிறது: புறம்போக்கு. வரிக் கணக்குக்குப் புறத்தே போனது. ஏரி, வாய்க்கால், பாதை, சுடுகாடு, மந்தைவெளி. இதுவும் நன்றாக ஊர் சுற்றிய சொல்தான். மலையாளத்திலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் குடியேறி, பிரிட்டிஷ் காலத்துத் தீர்ப்புகளில் இங்கிலீஷ் வேஷமும் போட்டது. ஃபோரெஸ்டிஸ் போய்ச் சேர்ந்த இடங்களில் அது பூவும் சுற்றுலாவுமாக ஆனது. நம் புறம்போக்கு கடைசியில் வசைச்சொல்லாகிவிட்டது. தகப்பன் மகனைத் திட்டும்போது “பொறம்போக்கு” என்கிறார். ஆனால் ஒரு வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும். புறம்போக்கு வரிக்கு வெளியே இருந்தாலும் ஊருக்கு உள்ளே இருந்தது. மாடு மேய்ந்தது, பிணம் எரிந்தது, தண்ணீர் ஓடியது. ஃபோரெஸ்டிஸ் அரசனுக்கு உள்ளே, ஊருக்கு வெளியே.

இந்த இரண்டு ‘வெளியே’யும் நேருக்கு நேர் மோதியது 19ஆம் நூற்றாண்டுச் சென்னை மாகாணத்தில். 1864இல் இந்திய அரசு வனத்துறையின் முதல் தலைமை இன்ஸ்பெக்டராக நியமிக்கப்பட்டவர் டீட்ரிச் பிராண்டிஸ், பான் நகரத்து ஜெர்மன் தாவரவியலாளர். அடுத்து அதே பதவிக்கு வந்த ஷ்லிக், ரிப்பன்ட்ராப் இருவரும் ஜெர்மானியர்கள்தான். ஆக நமக்கு வந்தது லண்டன் மானின் ஃபாரஸ்ட் மட்டுமல்ல, எண்ணி எல்லை போடும் ஃபோர்ஸ்ட்டும்தான். 1871இல் சென்னை வருவாய் வாரியம் இதற்கு எதிராக எழுதியது ஆச்சரியமானது. இந்த மாகாணத்தில் ஏதோ ஒரு கிராமத்தின் எல்லைக்குள் வராத காடே அபூர்வம், தேக்கு, சந்தனம், ஏலம் போன்றவற்றுக்கு வாங்கிய ராயல்டியை விட்டுவிட்டால் அண்மைக்காலம் வரை எதிலும் அரசு சொத்துரிமை கொண்டாடியதில்லை என்று அது சொன்னது. அதாவது, இங்கே காடு இருக்கிறது, ஃபோரெஸ்டிஸ் இல்லை. வெள்ளைக்கார அதிகாரிகளே இதைச் சொன்னார்கள் என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். 1878ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டத்தில் சென்னை சேரவில்லை.

எதிர்ப்பு நான்கு வருடம் தாங்கியது. 1882இல் சென்னை வனச் சட்டம் வந்தது. அரசின் வசம் உள்ள எந்த நிலத்தையும் ரிசர்வ் ஃபாரஸ்ட் ஆக்கலாம் என்கிறது அது. ‘எந்த நிலத்தையும்’, மரம் பற்றிய பேச்சே இல்லை. முதலில் அறிவிப்பு, பிறகு விசாரணை அதிகாரி, சுற்றுவட்டார ஊர்களில் பிரகடனம், குறிப்பிட்ட கெடுவுக்குள் உரிமை கோருதல், கடைசியில் இறுதி அறிவிப்பு. கெடுவுக்குள் கேட்காதவனின் உரிமை அழிந்துபோகும். ஏழாம் நூற்றாண்டு ஆர்டெனில் ஒரு வரியில் நடந்ததை இங்கே முறையாக ஃபைல் போட்டுச் செய்தார்கள். தமிழில் அதற்குப் பெயர் காப்புக்காடு. இந்த மொழிபெயர்ப்பில்தான் தந்திரம் இருக்கிறது. சட்டம் சொல்லாத மரத்தைத் தமிழ் உள்ளே நுழைத்துவிட்டது. போர்டைப் படிக்கிறவன் கண்ணில் பசுமை விரிகிறது, பின்னால் இருப்பது பாறையும் புதரும் முந்திரியுமாக இருந்தாலும்.

பச்சைமலையில் வாழும் மலையாளிகள் தமிழ் பேசும் பழங்குடியினர். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகளின் வழி என்று தங்கள் கதையைச் சொல்வார்கள். வண்ணாடு, தென்பறநாடு என்று மலையை நாடுகளாகப் பிரித்து, நாட்டுக்கு ஒரு தலைமை வைத்து வாழ்ந்தவர்கள். அவர்களிடம் நிலத்துக்குக் கணக்கு இருந்தது. எழுத்தில் இல்லை, வாயில் இருந்தது. எழுத்தில் கேட்ட கெடுவுக்குள் வாய்க்கணக்கு போய்ச் சேருமா? சேர்ந்தவர்களுக்குப் பட்டா. சேராத கொத்துக்காடு பாரஸ்ட். டாப் செங்காட்டுப்பட்டிக்கு மேலே நின்று பார்த்தால் இரண்டுக்கும் நடுவே கண்ணுக்கு எந்த வேறுபாடும் தெரியாது. ஒரே மண், ஒரே மரவள்ளி, சேலத்து ஜவ்வரிசி ஆலைக்குப் போகிற ஒரே கிழங்கு.

நியாயமாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. அந்தக் கோடு இல்லாமல் போயிருந்தால் மலையில் இன்று நிற்கும் மரங்களில் பல நிற்காது. கல்லுக்கும் கட்டைக்கும் கீழே எப்போதும் ஆள் இருக்கிறது. நான் கோட்டை அழி என்கிற கட்சி இல்லை. கோடு எதைப் பற்றியது என்று தெளிவாகச் சொல்லாமல் விட்டதில்தான் எனக்கு வழக்கு.

1927ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம் ஃபாரஸ்ட் என்ற சொல்லுக்கு வரையறையே தரவில்லை. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கோதவர்மன் வழக்கில் அந்தப் பள்ளத்தை நிரப்ப முயன்றது. நீலகிரி மாவட்டத்துக் கூடலூர் நிலங்களில் தொடங்கிய வழக்கு அது. நீதிமன்றம் சொன்னது இரண்டு. அகராதிப் பொருளில் காடாக இருப்பதெல்லாம் காடு. அரசு ஆவணத்தில் காடு என்று பதிவானதும், உடைமை யாருடையதானாலும், காடு. முதல் பாதி சில்வா, இரண்டாம் பாதி ஃபோரெஸ்டிஸ். 1300 வருடமாகப் பிரிந்தும் சேர்ந்தும் வந்த இரண்டையும் ஒரே உத்தரவில் கட்டிப்போட்டார்கள்.

பத்து வருடம் கழித்து 2006இல் வந்த வன உரிமைச் சட்டம் இன்னும் நேர்மையானது. வன நிலம் என்றால் வனப் பரப்புக்குள் வரும் ‘எந்த விதமான நிலமும்’ என்று வெளிப்படையாகவே எழுதிவிட்டது. 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே அனுபவத்தில் உள்ள பழங்குடியினருக்கு அதிகபட்சம் 4 ஹெக்டேர். சேகரிக்கும் உரிமை உள்ள சிறு வனப்பொருட்களின் பட்டியலில் தேனும் இருக்கிறது. 1217இல் கொடுத்த அதே தேன். தமிழ்நாட்டில் அதுவும் தாமதம்தான். உரிமை வழங்கும் முன் தன் அனுமதி வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2008இல் போட்ட இடைக்கால ஆணை 2016இல்தான் உச்ச நீதிமன்றத்தில் விலகியது.

கிடைக்கிற பத்திரத்தை மலையில் எல்லோரும் பட்டா என்றுதான் சொல்கிறார்கள். “வனப் பட்டா வந்துடுச்சு.” பிள்ளைகளுக்கு வாரிசாகப் போகும், விற்க முடியாது. அப்பன் கொத்தி, மகன் கொத்தி, கிழங்கு விளைகிற அந்த ஏக்கர், பத்திரம் கைக்கு வந்த பிறகும் வனத்துறைப் பதிவேட்டில் காப்புக்காடாகவே இருக்கிறது.