பலூன் ஏறிய புகைப்படக் கருவி

அம்பாங் என்னும் ஊர்ப்பெயருக்கு அணை என்பது பொருள் என்பர். கோலாலம்பூருக்குக் கிழக்கே மலையடிவாரத்தில் அமைந்த இவ்வூரை நோக்கி, 1857ஆம் ஆண்டில் ராஜா அப்துல்லா 87 சீனச் சுரங்கத் தொழிலாளரைக் கிள்ளான் ஆற்றின் வழியே அனுப்பினார். ஒரு திங்களுக்குள் 69 பேர் காட்டுக் காய்ச்சலுக்கு இரையாயினர். எஞ்சியோரும் பின்வந்தோரும் தோண்டிய ஈயமே கோலாலம்பூர் என்னும் நகருக்கு வித்தாயிற்று. காடு எங்கே முடிகிறது, ஆறு எவ்வாறு வளைகிறது என்பனவற்றை அவர்கள் நடந்தே அறிய வேண்டியிருந்தது. மேலிருந்து பார்த்துச் சொல்வார் எவருமிலர்.

அதற்கு மறு ஆண்டே, 1858இல், பிரான்சு நாட்டில் நதார் என்னும் புனைபெயருடைய புகைப்படக் கலைஞர் ஒருவர், பாரிசுக்கு அருகே கயிற்றால் கட்டப்பட்ட பலூனில் ஏறி நிலத்தைப் படம் பிடித்தார். அக்காலத்துக் கண்ணாடித் தகட்டில் ஈரமருந்து பூசி, அது காயுமுன் படமெடுத்துக் கழுவியாக வேண்டும். ஆதலால் பலூன் கூடையிலேயே இருட்டறையும் தொங்கியது. பல முறை ஏறியும் தகடு கறுத்துப் போயிற்றேயன்றிப் படம் விழவில்லை. பலூனின் வாயிலிருந்து கசிந்த வாயுவிலுள்ள கந்தகக் கலப்பே மருந்தைக் கெடுத்தது. வாயை அடைத்துவிட்டு ஏறிய அன்றே படம் விழுந்தது. அப்படம் இன்று இல்லை. 1860 அக்டோபர் 13ஆம் நாள் அமெரிக்காவில் ஜேம்ஸ் வாலஸ் பிளாக் என்பார் பலூனிலிருந்து எடுத்த பாஸ்டன் நகரப் படமே எஞ்சியவற்றுள் பழமையானது.

அதன்பின் உயரம் கூடிக்கொண்டே போயிற்று. 1935 நவம்பர் 11ஆம் நாள் ஸ்டீவன்ஸ், ஆண்டர்சன் என்னும் இரு அமெரிக்கப் படை அதிகாரிகள் எக்ஸ்புளோரர் 2 என்னும் பலூனில் 72,395 அடி ஏறினர். அவர்கள் கொணர்ந்த படங்களில் பூமியின் விளிம்பு வளைந்து தெரிந்தது. 1946 அக்டோபர் 24ஆம் நாள், ஜெர்மானியரிடமிருந்து கைப்பற்றிய வி-2 ராக்கெட் ஒன்று திரைப்படக் கருவியை 105 கிலோமீட்டர் உயரத்திற்குக் கொண்டு சென்றது. ராக்கெட் விழுந்து நொறுங்கியது. எஃகுப் பெட்டிக்குள்ளிருந்த படச்சுருள் பிழைத்தது.

மலாயாவுக்கு இவ்வுயரப் பார்வை வந்த விதம் வேறு. 1948இல் தொடங்கிய அவசரகாலத்தில், பிரிட்டிஷ் விமானப் படையின் 81ஆம் பிரிவு காடுகளைப் படமெடுத்தது. நெருங்கிய மரச்செறிவின் கீழே ஆள் இருப்பதை எந்தக் கருவியும் காணாது. ஆனால் காட்டின் நடுவே மரவள்ளியும் காய்கறியும் பயிரிட்ட சிறு வெளிகள் படத்தில் தெளிவாய்த் தெரியும். போராளிகளின் உணவு எங்கே விளைகிறதென்பதை அறிய அதுவே போதுமாயிற்று. பிரிட்டிஷ் விமானப் படையின் ஸ்பிட்பயர் விமானம் கடைசியாகப் போர்ப்பணியில் பறந்ததும், 1954 ஏப்ரல் 1ஆம் நாள், ஜொகூர்க் காட்டைப் படமெடுக்கத்தான். நிலத்திலோ, காட்டோரக் குடிகள் இடம் பெயர்க்கப்பட்டுப் புதுக்கிராமங்களில் அடைக்கப்பட்டனர். அம்பாங் புதுக்கிராமமும் அவ்வாறு எழுந்ததே. பல தோட்டங்களில் தமிழர் குடியிருந்த லயங்களும் முள்வேலிக்குள் ஒருங்கு சேர்க்கப்பட்டன. இந்நாட்டின் வான்படங்கள் பிறந்தது இத்தகைய காலத்தில் என்பதை மறத்தற்கில்லை. படம் எடுக்கப்பட்ட மண்ணில் வாழ்ந்தவன் அதைக் காணும் வாய்ப்பைப் பெற்றானல்லன்.

இந்நிலையை மாற்றியது விலை மலிவு. 2009 பிப்ரவரியில் ஸ்பெயின் நாட்டின் கத்தலோனியாவில் ஒரு பள்ளி மாணவர் சிலர், சாதாரணப் புகைப்படக் கருவியை வானிலைப் பலூனில் கட்டி 30 கிலோமீட்டருக்கு மேல் அனுப்பினர். அவ்வாண்டு செப்டம்பரில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக மாணவர் இருவர் ஏறத்தாழ 150 டாலர் செலவில் 93,000 அடியை எட்டினர். பானம் குளிர வைக்கும் நுரைப்பெட்டி, அதற்குள் கருவி, கை சூடேற்றும் பொட்டலங்கள், இருப்பிடம் சொல்லும் கைப்பேசி, ஒரு பாராசூட்: இவ்வளவே அவர்தம் சாதனம். அவ்வுயரத்தில் காற்றழுத்தம் நிலத்திலுள்ளதில் நூறில் ஒன்றிரண்டு பங்கே. ஆகவே நிலத்தில் ஆளுயரமிருந்த பலூன் ஓர் அறையளவு விரிந்து வெடிக்கும். பாராசூட் பெட்டியை இறக்கும்.

இதையே அம்பாங்கிலிருந்து செய்தால் என்னாகும்? வெப்பநாட்டில் குளிருக்கு என்ன அச்சம் என்று கேட்பார் உண்டு. உண்மை தலைகீழானது. நிலநடுக்கோட்டை ஒட்டிய வானில் 16, 17 கிலோமீட்டர் உயரத்தில் குளிர் பூஜ்யத்திற்குக் கீழ் 80 பாகை அளவு செல்லும். மாசசூசெட்ஸ் வானில் அவ்வளவு இராது. சாதாரண மின்கலம் அங்கே உறைந்து ஓயும்.

காற்றின் கதை இன்னும் விந்தையானது. 1883இல் கிரக்கத்தோவா எரிமலை வெடித்தபோது அதன் தூசி கிழக்கிலிருந்து மேற்காக உலகைச் சுற்றியது. ஆதலின் மேல்வானில் கீழைக்காற்றே வீசுகிறதெனக் கொண்டனர். 1908இல் பெர்சன் என்னும் ஜெர்மானியர் கிழக்கு ஆப்பிரிக்காவில் பலூன் விட்டு மேலைக்காற்றைக் கண்டார். இரண்டும் எப்படி மெய்யாகும்? 1960ஐ ஒட்டி அமெரிக்கரான ரீடும் ஆங்கிலேயரான எப்டனும் தனித்தனியே விடை கண்டனர்: அக்காற்று ஏறத்தாழ 28 திங்களுக்கு ஒருமுறை கிழக்கும் மேற்குமாக மாறி மாறித் திரும்புகிறது. 1976 முதல் இதனை உலகுக்கு அளந்து சொல்லும் அடிப்படை நிலையமாக இருப்பது நம் அண்டையிலுள்ள சிங்கப்பூரே. அங்கு நாள்தோறும் ஏறும் வானிலைப் பலூன்களே அளவுகோல்.

ஆகவே கீழே பருவக்காற்று எப்படியிருப்பினும், 20 கிலோமீட்டருக்கு மேலே ஓராண்டு அம்பாங்கின் பலூன் கிள்ளானையும் மலாக்கா நீரிணையையும் நோக்கி நகரும். இன்னோர் ஆண்டு தித்திவாங்சா மலைத்தொடரைத் தாண்டிப் பகாங் காட்டை நோக்கும். கடலில் விழுந்தால் பெட்டி போயிற்று. காட்டில் விழுந்தாலோ கைப்பேசி அலை எட்டாது; துணைக்கோள் வழி இடம் சொல்லும் கருவியைத் தனியே கட்டி அனுப்பியாக வேண்டும். சுபாங், சிப்பாங் விமான நிலையங்களுக்கு வரும் விமானங்கள் இவ்வானில் ஓயாது தாழ்ந்து பறப்பதால், விமானப் போக்குவரத்து அதிகாரிகளின் முன் அனுமதியின்றி இங்கே பலூனை அவிழ்த்துவிடவும் இயலாது.