நெடுங்கால இண்டர்ஃபெரான் சிகிச்சையில் ஊசிமுறைத் தேர்வு: சோழவரம் – கும்மிடிப்பூண்டி தொழில் பகுதியை முன்வைத்து

ஹெபடைடிஸ் சி நோய்க்கு வாராவாரம் இண்டர்ஃபெரான் ஊசி போட்ட காலம் ஏறத்தாழ முடிந்துவிட்டது. 2018 ஜூலையில் தொடங்கிய தேசியத் திட்டத்தில் அதற்கு மாத்திரைதான். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் எனப்படும் தண்டுவட மரப்பு நோயில் நிலைமை வேறு. இண்டர்ஃபெரான் பீட்டா அந்நோயைக் குணப்படுத்துவதில்லை; அது திரும்பத் திரும்பத் தாக்குவதைக் குறைக்கிறது. ஆகவே ஆண்டுக்கணக்கில் போட வேண்டும். இங்கும் மாத்திரைகள் வந்துவிட்டன என்றாலும், டெரிஃப்ளுனமைடு போன்றவை கர்ப்ப காலத்தில் கூடவே கூடாது. இண்டர்ஃபெரானைத் தேவைப்பட்டால் அப்போதும் தொடரலாம் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2019இல் ஏற்றது. இந்நோய் பெண்களையே அதிகம் தாக்குவதால் ஊசிக்கு இன்னும் வேலை இருக்கிறது.

முக்கிய வடிவங்கள் நான்கு. பீட்டா-1பி 250 மைக்ரோகிராம், ஒருநாள் விட்டு ஒருநாள், தோலடியில். பீட்டா-1ஏ 44 மைக்ரோகிராம், வாரம் மும்முறை, தோலடியில். அதே 1ஏ 30 மைக்ரோகிராம், வாரம் ஒருமுறை, தசையில். பெக் சேர்த்த 1ஏ 125 மைக்ரோகிராம், 14 நாளுக்கு ஒருமுறை, தோலடியில். ஆண்டுக்கு 180 ஊசிக்கு மேல் ஒரு பக்கம், 26 ஊசி மறுபக்கம்.

2002இல் வெளியான இரு ஆய்வுகள் அடிக்கடி போடும் ஊசிக்குச் சாதகமாக இருந்தன. இன்கோமின் ஆய்வில் ஈராண்டு தாக்குதலின்றி இருந்தவர்கள் பீட்டா-1பியில் 51 சதவீதம், வாராந்திரத் தசை ஊசியில் 36 சதவீதம். எவிடென்ஸ் ஆய்வில் 24 வாரத்தில் வாரம் மும்முறை போடும் பீட்டா-1ஏயில் 75, வாராந்திரத் தசை ஊசியில் 63. இவ்வேறுபாட்டை நான் மறுக்கவில்லை. ஆனால் இரண்டிலுமே எந்த மருந்து போடப்படுகிறது என்பது நோயாளிக்குத் தெரியும். ஆய்வு நடக்கும் வரை மருந்தும் தட்டாமல் வந்துசேரும். போடாமல் விட்ட ஊசிக்கு எந்தச் சதவீதமும் இல்லை. சோழவரத்தில் ஊசி விட்டுப்போவதற்கு ஷிப்டு ஒன்றே போதும்.

ஊசி போட்ட சில மணி நேரத்தில் காய்ச்சல், நடுக்கம், உடல்வலி வரும். பாராசிட்டமால் போட்டுக்கொண்டால் பெரும்பாலும் ஒருநாளில் அடங்கும். மாதங்கள் செல்லச் செல்லக் குறையும், எல்லோருக்கும் அல்ல. உடல் சூடேறினால் பழைய பாதிப்புகள் தற்காலிகமாகத் தலைதூக்குவது இந்நோயின் இயல்பு. 1890இல் ஊட்டாஃப் விவரித்தது இதைத்தான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கும் ஆலையில் நிற்பவருக்கு ஊசிக் காய்ச்சலோடு உலைச் சூடும் சேர்ந்தால் கண் மங்கும், கால் தளரும். வாராந்திர ஊசியை வார விடுமுறைக்கு முந்தின இரவுக்கு ஒதுக்கலாம். வாரம் மூன்று என்றால் குறைந்தது இரண்டு ஊசி வேலைநாளில்தான் விழும்.

அடுத்தது ஃப்ரிட்ஜ். மருந்து நிரப்பிய சிரிஞ்சுகளை 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும். வெளியே தசை ஊசி 7 நாள், பெக் ஊசி 30 நாள் தாங்கும் என்கிறது மருந்துக் குறிப்பு. அதுவும் 25 டிகிரிக்குள். பீட்டா-1பி தூளைச் சாதாரண அறையில் வைக்கலாம் என்பதற்கும் இதே வரம்புதான். மே மாதத்தில் இவ்வூரில் நள்ளிரவிலும் 25 டிகிரி கிடையாது. சென்னையில் வாங்கி ஜி.என்.டி. ரோட்டில் பஸ்ஸில் கொண்டுவருபவர் ஐஸ் பேக்கை மருந்தோடு ஒட்டிவைத்தால் மருந்து உறைந்துபோகும். உறைந்ததைப் போடவே கூடாது. இடையில் ஒரு துண்டைச் சுற்றினால் போதும், ஆனால் இதைச் சொல்லித்தான் அனுப்ப வேண்டும்.

தோலடி ஊசியை ஆதரிப்போர் சொல்லும் காரணம், தானே போட்டுக்கொள்ளலாம் என்பது. விரல் மரத்துப்போன நோயாளிக்கு அது அரை உண்மை. பேனா ஊசியைத் தொடையில் நேராக அழுத்தி, 'க்ளிக்' கேட்டபின்னும் எடுக்காமல் பத்து விநாடி பிடித்திருக்க வேண்டும். கை நடுங்கினால் மருந்து தோல்மேல் வழியும். தொடை, வயிறு என்று இடம் மாற்றாவிட்டால் சிவந்து தடிக்கும். அரிதாகத் தோல் அழுகும். தசை ஊசியில் இத்தொல்லை குறைவு, மருந்தை முறிக்கும் எதிர்ப்பான்கள் உருவாவதும் குறைவு. நீள ஊசி பயமுறுத்துவது உண்மைதான். அதற்கு நர்ஸ் இருக்கிறார்.

ஆகவே, அடிக்கடி தாக்குதல் வரும், வீட்டில் துணையுள்ள நோயாளிக்குத் தோலடி ஊசி சரி. ஷிப்டில் உழல்பவருக்கு வாராந்திரத் தசை ஊசியே என் முதல் தேர்வு. பெக் ஊசி கட்டுப்படியானால் அது. மருந்தை எங்கே வைப்பது? ஆரம்ப சுகாதார நிலையத்தின் ஐ.எல்.ஆர். எனும் குளிர்பதனப் பெட்டியில் தடுப்பூசி தவிர வேறெதையும் வைக்கக் கூடாது என்பது விதி. ஆக்சிடோசின், இன்சுலின் வைக்கும் ஃப்ரிட்ஜில் நான்கு சிரிஞ்சுக்கு இடம் கேட்பதில் விதிமீறல் இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் பிரஷர், சுகர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோகிறது. அந்தப் பட்டியலில் இந்த நோயாளியின் பெயரையும் சேர்த்து, அவருடைய வார விடுமுறை எந்தக் கிழமை என்று எதிரே குறித்துக்கொள்ள வேண்டும்.