பதினைந்து மடங்கு மாத்திரை

போர்ட் பிளேரில் வங்கி உத்தியோகம். (2024-லிருந்து ஊர் பெயர் ஸ்ரீ விஜயபுரம். வாயில்தான் இன்னும் வரமாட்டேன் என்கிறது!) இங்கே வைப்பு நிதியைப் பாதியில் எடுக்க வருபவர்களிடம் காரணம் கேட்டால், பலரும் சொல்வது ஒன்றுதான்: "சென்னைக்கு வைத்தியத்துக்குப் போறோம் சார்." கப்பலில் மூன்று நாள். கப்பல் கட்டணத்தை விட மருந்துச் சீட்டுதான் பயமுறுத்தும்.

நான் பி.காம். மருத்துவம் தெரியாது, கணக்கு தெரியும். அதனால் ஒரு மருந்தின் விலைக் கதையைச் சொல்கிறேன்.

கிளிவெக் என்பது ஒரு வகை ரத்தப் புற்றுநோய்க்கான மாத்திரை. தினமும் சாப்பிட வேண்டும். ஸ்விட்சர்லாந்தின் நோவார்ட்டிஸ் கம்பெனிக்கு 2003 நவம்பரில் இந்தியாவில் அதை விற்கும் தனி உரிமை கிடைத்தது. மாதச் செலவு சுமார் 1,20,000 ரூபாய். நம் நாட்டுக் கம்பெனிகளின் அதே மருந்து 8,000 முதல் 10,000 வரைதான். ஆனால் அவற்றில் சில, தயாரிப்பையே நிறுத்த வேண்டி வந்தது. வருடத்துக்கு 14,40,000 ரூபாய்! எந்த வைப்பு நிதி தாங்கும்?

நோயாளிகளுக்காக நின்றவர்கள் இரண்டு வழியில் போனார்கள். அமெரிக்காவின் மேக்ஸ் அறக்கட்டளை நோவார்ட்டிஸுடன் சேர்ந்து, தகுதியானவர்களுக்கு மருந்தை இலவசமாகக் கிடைக்கச் செய்தது. அதனால் பிழைத்த குடும்பங்கள் ஏராளம், மறுக்கவே முடியாது. மும்பையின் புற்றுநோயாளிகள் உதவிச் சங்கமோ, 1969-லிருந்து நோயாளிகளுக்கு உதவி வரும் அமைப்பு, காப்புரிமையே தரக்கூடாது என்று சென்னை காப்புரிமை அலுவலகத்தில் ஆட்சேபம் கொடுத்தது. நம் சட்டத்தில், காப்புரிமை தருவதற்கு முன் யார் வேண்டுமானாலும் ஆட்சேபிக்கலாம். இது எத்தனை பேருக்குத் தெரியும்?

2006 ஜனவரியில் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. பழைய மருந்தின் புது வடிவம் கூடுதல் பலன் தந்தால்தான் காப்புரிமை என்கிறது 3(டி) பிரிவு. அந்தப் பிரிவே செல்லாது என்று கம்பெனி சென்னை உயர் நீதிமன்றம் போனது. 2007 ஆகஸ்டில் தோற்றது. கடைசியில் 2013 ஏப்ரல் 1-ல் உச்ச நீதிமன்றமும் காப்புரிமை கிடையாது என்றது. தேதியைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், தீர்ப்பு நிஜம் :-)

அந்த வழி இன்னும் திறந்தே இருக்கிறது. காசநோய் மருந்தின் பக்கவிளைவால் செவித்திறன் இழந்த நந்திதா வெங்கடேசனும் தென்னாப்பிரிக்காவின் பூமேசா டிசிலேயும் பெடாகுவிலின் காப்புரிமை நீட்டிப்பை ஆட்சேபித்தார்கள். 2023 மார்ச்சில் ஜான்சன் அண்ட் ஜான்சனின் அந்த விண்ணப்பமும் நிராகரிக்கப்பட்டது.

எந்தக் கணக்கைப் பார்த்தாலும் வரவு எங்கிருந்து என்று முதலில் பார்ப்பது எங்கள் தொழில் புத்தி. நோயாளிச் சங்கத்திடமும் அதைக் கேட்பதில் தப்பில்லை. கம்பெனிப் பணம் வாங்கினாலே கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. ஆனால் இலவச மருந்து யாருக்கு, எத்தனை நாளைக்கு என்பதைக் கொடுப்பவர்தான் முடிவு செய்வார். விலை இறங்கினால், என் மேஜைக்கு முன்னால் உட்காருபவர் யாரையும் கேட்காமல் கடையில் வாங்கிக்கொள்ளலாம்.

உங்களுக்கு என்ன தோன்றுகிறது? சொல்லுங்கள்.