உலோக உடல் ரெசொனேட்டர் கிட்டார்

ஒலிபெருக்கி பரவாத காலத்தில், இசைக்குழுவின் ஊதுகருவிகளை மீறிக் கிட்டாரின் ஒலி கேட்க வேண்டும் என்பதற்காக உருவான தந்திக் கருவி. கிட்டார் கலைஞர் ஜார்ஜ் பீச்சம் கேட்டுக்கொண்டதன்பேரில், ஸ்லோவாக்கியாவிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய ஜான் டோபியேரா லாஸ் ஏஞ்சலிஸில் இதை வடிவமைத்தார். நேஷனல் நிறுவனம் 1927இல் தயாரிக்கத் தொடங்கியது. முதல் வகையில் ஒலியைப் பெருக்கும் மூன்று அலுமினியக் கூம்புகள் இருந்தன. விலை குறைந்த ஒற்றைக் கூம்பு வகை அடுத்து வந்தது. சன் ஹவுஸ், புக்கா வைட் போன்ற புளூஸ் கலைஞர்களின் கைகளில் இது புகழ்பெற்றது.

கையால் செய்வோர் பித்தளை, எஃகு அல்லது ஜெர்மன் சில்வர் தகட்டை வெட்டி, பக்கவாட்டுப் பட்டைகளை அச்சில் வளைத்து, ஈயப்பற்று வைத்து இணைக்கின்றனர். சூடு மிகுந்தால் தகடு நெளியும்; பிறகு நேராக்குவது பெரும்பாடு. கழுத்தின் நீட்சியாக ஒரு மரக்கட்டை உடலுக்குள் ஓடித் தந்திகளின் இழுவிசையைத் தாங்குகிறது.

கருவியின் உயிர் கூம்புதான். மெல்லிய அலுமினியத் தகட்டைக் கடைசல் இயந்திரத்தில் சுழலவிட்டு, அச்சின்மேல் அழுத்தி அதை உருவாக்குகின்றனர். ஒற்றைக் கூம்பின் உச்சியில் மேப்பிள் மரவில்லை அமர்ந்து, தந்திகள் படியும் குதிரையைத் தாங்கும். கூம்பை ஒட்டுவதில்லை, தந்திகளின் அழுத்தமே அதை உடலின் உள்விளிம்பில் இருத்துகிறது. அந்த விளிம்பு சமதளமாக இல்லாவிட்டால் கூம்பு அதிர்ந்து கரகரக்கும். எனவே புதிதாகச் செய்பவர் உடலின் மெருகைவிட இவ்விளிம்புக்கே அதிக நேரம் தர வேண்டும்.